தயங்கிய கை

கம்ப்யூட்டர் வரும் படங்களில் கோதாரின் 'ஆல்ஃபாவில்' (1965) ஒன்றைத்தான் நம் நண்பர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கும் அதன்மேல் மதிப்பு உண்டு. செட் எதுவும் போடாமல், அன்றைய பாரீஸின் இரவையே வருங்கால நகரமாக்கிவிட்ட படம் அது. ஆனால் அதில் ஆல்ஃபா 60 பேசப் பேச எனக்கு ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே போகிறது. இது கம்ப்யூட்டரே அல்ல, நம்மைப் போல நிறையப் படித்துவிட்ட ஒரு ஆசாமி. அதன் கரகரத்த தொண்டையில் தத்துவம் இருக்கிறது, உத்தியோகம் இல்லை. மிஷின் எந்த வேலைக்காக வாங்கப்படுகிறது, யாரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் வைக்கப்படுகிறது என்று கேட்டவை, பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள நாம் கூசுகிற அமெரிக்கப் பரபரப்புப் படங்கள்தான்.

ஜான் பாதம் எடுத்த 'வார் கேம்ஸ்' (1983) படத்தின் முதல் காட்சியைச் சொல்கிறேன். நிலத்தடி ஏவுகணை அறை. இரண்டு அதிகாரிகள் டூட்டி மாறி வந்து உட்காருகிறார்கள். வீட்டுப் பேச்சு பேசிக்கொண்டிருக்கும்போதே ஏவச் சொல்லி உத்தரவு வருகிறது. சங்கேதங்களைச் சரிபார்க்கிறார்கள், சரியாக இருக்கின்றன. இருவரும் ஒரே சமயத்தில் சாவியைத் திருப்ப வேண்டும். மூத்தவர் திருப்பவில்லை. இரண்டு கோடிப் பேரைக் கொல்வதற்கு முன்னால் டெலிபோனில் யாராவது ஒருவரோடு பேசியாக வேண்டும் என்கிறார். இளையவர் துப்பாக்கியை எடுத்து அவரைக் குறிபார்க்கிறார். காட்சி அங்கே வெட்டுப்படுகிறது. நடந்தது ஒத்திகை என்று பிறகுதான் தெரிகிறது. ஒத்திகை என்று அறியாத அதிகாரிகளில் நூற்றுக்கு 22 பேர் சாவியைத் திருப்பவில்லையாம். ஆகவே அந்த இடத்திலிருந்து ஆட்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை வைப்பது என்று முடிவாகிறது.

அதற்குப் பிறகு படம், ஒரு பையன் டெலிபோன் கம்பி வழியாக அந்த மிஷினுக்குள் நுழைந்து விளையாடும் கதையாகிவிடுகிறது. சுவாரஸ்யம்தான், வியாபாரமும்தான். ஆனால் முதல் ஐந்து நிமிஷத்தில் அது சொல்லிவிட்டதை வேறு யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மிஷின் புத்திசாலி என்பதற்காக அங்கே வரவில்லை. ஒரு கை தயங்கியது, அதற்காக வந்தது. 'டெர்மினேட்டர் 2' (1991) படத்தில் ஸ்கைநெட் அதிகாரத்துக்கு வருவதும் இந்த வழியாகத்தான். முதலில் விமானங்களிலிருந்து விமானிகள் போகிறார்கள், பிறகு யுத்த முடிவுகளிலிருந்து மனிதர்களே போகிறார்கள். அதற்குச் சுயப்பிரக்ஞை பிறந்த 1997 ஆகஸ்ட் 29 ரசிகர்களுக்கு மனப்பாடம். அதற்கு முந்தைய, யாரும் குறித்துவைக்காத நாட்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. (நம் 'எந்திரன்', 2010, வேறு ஜாதி. அதில் எந்திரம் கெட்டுப்போக ஒரு காதலும் ஒரு சிவப்புச் சில்லும் வேண்டியிருக்கின்றன. கெடாமலே அது செய்யக்கூடியதைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.)

இதைப் பேச எனக்குள்ள யோக்கியதை பி.ஏ. இங்கிலீஷ் அல்ல; நான் வங்கிக் குமாஸ்தா. சென்ற வருஷம் ஒரு கிழவி பணம் எடுக்க வந்தாள். ஐந்து வருஷமாக எனக்குத் தெரிந்த முகம். பாஸ் புத்தகத்தில் இருக்கும் பெயரின் கடைசியில் ஒரு 'ள்' இல்லை, ஆதாரில் இருக்கிறது. கணக்கு முடங்கிவிட்டது.

"சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது பாட்டி" என்றேன்.

சொன்னதில் பொய் இல்லை. திரையில் சாம்பல் பூத்துவிட்ட பொத்தானை யாரும் அழுத்த முடியாது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மானிட்டரின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அதுதான் தெரியும்.

"நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன் தம்பி, அதுகிட்ட" என்றாள்.

திருத்தம் வர மூன்று வாரமாயிற்று. அதுவரை அவள் மருந்துக்கடையில் கடன் சொல்லியிருந்தாள்.

லெட்ஜர் காலத்தில் இந்த 'ள்' மானேஜர் மேஜைக்குப் போயிருக்கும். அவர் தலைநிமிர்ந்து கிழவியைப் பார்த்திருப்பார். கையெழுத்துப் போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். அந்தக் கையெழுத்து ஜாதி பார்த்தும் வேஷ்டி பார்த்தும் விழுந்தது என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லெட்ஜருக்காக ஏங்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மறுத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நிலத்தடி அதிகாரிக்குத் திருப்பாமலிருக்க ஒரு சாவியாவது இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை.

ஜோசப் சார்ஜெண்டின் 'கொலோசஸ்: தி ஃபோர்பின் புராஜெக்ட்' (1970) இந்த இடத்தை இன்னும் கூர்மையாகத் தொடுகிறது. அமெரிக்கக் கம்ப்யூட்டரும் சோவியத் கம்ப்யூட்டரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு, சோவியத் மிஷினை உருவாக்கிய விஞ்ஞானியைத் தீர்த்துவிடும்படி உத்தரவிடுகின்றன. மிஷினுக்கு ஏது கை? ரோமில் அவரைச் சுடுபவர்கள் அவருடைய நாட்டு ஏஜெண்டுகளே. அவர்கள் தயங்குவதைப் படம் காட்டவில்லை. மிஷின் ஆள வேண்டுமானால் மனிதக் கைகள் மிஷினாகியிருந்தால் போதும் என்று டைரக்டர் வசனமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

'வார் கேம்ஸ்' வெளியான 1983இல்தான் இங்கே வங்கி மிஷின்களுக்குச் சங்கங்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டன. எத்தனை நாற்காலி போகும் என்பதுதான் அன்றைய கவலை. அதே 1983, செப்டம்பர் 26. மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் இரவு டூட்டியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ். அமெரிக்காவிலிருந்து ஏவுகணை கிளம்பிவிட்டது என்றது கம்ப்யூட்டர். முதலில் ஒன்று, பிறகு நான்கு. ஐந்தே ஐந்தை வைத்துக்கொண்டு யாரும் யுத்தம் தொடங்க மாட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. தரையிலிருந்த ராடாரில் எதுவும் தெரியவில்லை. நிச்சயம் பாதிக்குப் பாதிதான். பொய் எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டார். மேகங்களில் பட்டுத் திரும்பிய வெயிலைத்தான் செயற்கைக்கோள் நெருப்பாகக் கண்டிருந்தது. பிறகு விசாரணையில், அன்றிரவு பதிவேட்டை எழுதாமல் விட்டதற்காக அவரைக் கண்டித்தார்கள். ஒரு கையில் டெலிபோன், இன்னொரு கையில் இண்டர்காம், எழுத மூன்றாவது கை இல்லை என்றாராம் அவர்.