பல்லுக்கும் உண்டு பெயிண்ட் ஷாப்!

மலருக்குக் கட்டுரை கேட்டபோது காதல், நட்பு, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாவற்றையும் நண்பர்கள் முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது என் முன்பல்தான். சிரிக்காதீர்கள் நண்பர்களே, இது நம்ம சிலபஸுக்குள் வருகிற விஷயம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்பிளான்ட் டிரெயினிங். கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்டோரில் கொடுத்த ஸ்பேனர் வாய் தேய்ந்து அகன்றது. இழுத்த வேகத்தில் நட்டை விட்டு நழுவி நேராக என் மேல்வரிசைப் பல்லில் அடித்தது. ஒரு மூலை காலி. "பல்லு போனா போவட்டும்டா, கண்ணு தப்பிச்சுதே" என்றார் அம்மா. எனக்கோ மூன்று வாரத்தில் கேம்பஸ் இன்டர்வியூ. வாயைக் கையால் பொத்திக்கொண்டா பதில் சொல்வது?

பல்லைச் சுற்றிலும் ராவித்தான் கேப் போடுவார்கள் என்று சீனியர் அண்ணன் ஒருவர் வேறு பயமுறுத்தினார். லோக்கல் டிரெயின் பிடித்து சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். என்னைக் கவனித்தவர் ஒரு பயிற்சி டாக்டர். பின்னால் பேராசிரியர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நம்ம மெஷின் ஷாப்! "நரம்பு வரைக்கும் போகல தம்பி. கேப்பெல்லாம் வேணாம், பல்லு நிறத்துலயே கம்பாசிட் வெச்சிடலாம்" என்றார்.

முதலில் ஒரு கலர் அட்டையைப் பல்லருகே பிடித்து நிறம் பார்த்தார். பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியுமாம், அதனால் இதுதான் முதல் வேலை. பிறகு நீல நிறத்தில் ஒரு ஜெல் தடவினார். என்னவென்று கேட்டேன். "பாஸ்பாரிக் ஆசிட்." எழுந்து ஓடலாமா என்று இருந்தது! போன வாரம்தான் பெயிண்ட் ஷாப்பில் தகட்டுக்குப் பாஸ்பேட்டிங் செய்வதைப் பார்த்திருந்தேன்.

பிறகு படித்துப் பார்த்தால், இரண்டும் சொந்தக்காரர்கள்தான். உலோகத்தில் பெயிண்ட் பிடிக்கத் தொழிற்சாலைகள் இந்த ஆசிட்டைப் பயன்படுத்துவதைக் கவனித்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் மைக்கேல் புவோனோகோர், அதையே பல் எனாமலில் முயன்று 1955-ல் வெளியிட்டார். அவர் போட்டது 85 சதவீதம், 30 விநாடி. இப்போது 37 சதவீதம் அளவில்தான் போடுகிறார்கள். ஆசிட் பட்ட எனாமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுகின்றன. அதில் திரவ ரெசின் இறங்கி இறுகிவிடுகிறது. அவ்வளவுதான் பிடிமானம். இடையில் எச்சில் பட்டால் எல்லாம் வீண். எண்ணெய்ப் பிசுக்குள்ள தகட்டில் பெயிண்ட் அடித்த கதைதான்.

பழைய வெள்ளி அடைப்புக்கு இந்த ஒட்டும் குணம் கிடையாது. பிட்டிங் ஷாப்பில் டோவ்டெயில் ராவினோமே, அதுபோல உள்ளே அகலமாகக் குடைந்தால்தான் நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் இழக்க வேண்டும். என்னைப் போல மூலை உடைந்த முன்பல்லில் குடைவதற்கு இடம் ஏது?

கம்பாசிட் என்பது கிட்டத்தட்ட நம்ம எப்.ஆர்.பி.யின் தம்பி. கண்ணாடித் துகளை ரெசினில் குழைத்தது. ரெசினை உருவாக்கியவர் ராபேல் போவன். 1962-ல் காப்புரிமை பெற்றார். நீல ஒளி பட்டதும் இறுகும். இறுகும்போது கொள்ளளவில் 2, 3 சதவீதம் சுருங்கும். பவுண்டரியில் என்றால் பேட்டர்னைப் பெரிதாகச் செய்து ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ் கொடுத்துவிடுவோம். பல்லில் அது நடக்காது. அதனால் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி ஒளி காட்டினார். கடைசியில் பாலிஷ். கண்ணாடியில் பார்த்தேன், ஒட்டு எது பல் எது என்று எனக்கே தெரியவில்லை!

இன்டர்வியூவில் வேலை கிடைக்கவில்லை. அது பல்லின் குற்றமில்லை, வாய்விட்டுத்தான் பேசினேன்.

ஆயுள் முழுக்க வரும் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை. சில வருடங்களில் நிறம் மாறலாம், ஓரம் பெயரலாம், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சோடா மூடியைப் பல்லால் திறக்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னார்: உடைந்த துண்டு கிடைத்தால் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்து வந்தால், பல நேரங்களில் அதையே ஒட்டிவிடலாமாம். என்னுடையது அன்றைக்கே இரும்புச் சுருளோடு சுருளாக ஸ்கிராப் வண்டி ஏறியிருக்கும்.