கண்ணாடி கற்பித்த பாடம்

எழுதுதற்குரிய பெரும்பொருள்கள் பல இருக்க, ஒரு மோட்டார் வண்டியின் பின்கண்ணாடி உடைந்ததையும், அதனை மாற்றியதையும் நமது கல்லூரி மலரில் எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவக்கூடும். பெரும்பொருள்களைப் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். யான் எழுதப்போவது என் கையால் நிகழ்ந்த ஒரு பிழையைப் பற்றி. அதனை எழுத என்னையன்றி வேறொருவர் இலர்.

என் ஊர் மீமிசல். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில், மணமேற்குடிக்கும் தொண்டிக்கும் இடையே, பாக்கு நீரிணையை அடுத்து அது அமைந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரின் ஊடே செல்கின்றது. கடலை நம்பி வாழ்வோர் ஒருபுறமும், கடல்கடந்து சென்று பொருளீட்டுவோர் மற்றொரு புறமுமாக எங்கள் பக்கத்து மக்கள் வாழ்ந்து வருகின்றனர். என் தாய்மாமன் இரண்டாம் வகையினர். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் வருங்கால் ஓட்டுதற்கென்று ஒரு வண்டி வாங்கி எங்கள் வீட்டில் நிறுத்தியிருக்கிறார். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. என்பது அதன் பெயர். புனாவை அடுத்த சாக்கன் என்னும் ஊரில் செய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டோடு அவ்வண்டியை இந்நாட்டில் செய்வது நின்றுவிட்டது. உருவிற் சிறிது, ஓட்டத்திற் கடிது. பின்புறம் பெட்டி நீண்டு நில்லாமல், கண்ணாடியோடு கூடிய ஒரே கதவாக மேல்நோக்கித் திறக்கும். இவ்வகை வண்டிகளை ஹேட்ச்பேக் என்பர். மாமா ஊரில் இல்லாத காலத்தில் வாரம் ஒருமுறை அதனை ஓட்டி வைப்பது என் பொறுப்பு.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், மாமாவின் மனைக்கட்டிற்கு வேலிக்கால் நடும்பொருட்டுக் கடப்பாரை ஒன்றையும் மண்வெட்டி ஒன்றையும் அவ்வண்டியில் ஏற்றினேன். பந்தயக் குதிரையின் முதுகில் உப்பு மூட்டை ஏற்றியவன் கதைதான். கடப்பாரை நீளமாதலின், பின் இருக்கையை மடக்கிச் சாய்வாக வைத்துக் கதவை ஓங்கிச் சாத்தினேன். "ணங்" என்று ஓர் ஓசை கேட்டது. கேட்டும் கேளாதவன்போல், காப்பி குடித்து வரலாம் என்று வீட்டினுள் சென்றேன். வண்டி வெயிலில் நின்றது.

கால்மணி நேரம் சென்றிருக்கும். வெடி வெடித்தாற்போல் பேரொலி எழுந்தது. ஓடிவந்து பார்த்தால், பின்கண்ணாடி முழுதும் நொறுங்கி, மாமா முன்னரே ஒட்டுவித்திருந்த கறுந்தாளைப் பற்றிக்கொண்டு வலைபோல் தொங்கிற்று. கற்கண்டு போன்ற சில்லுகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. வண்டியின் சக்கரத்தருகே ஒரு ரப்பர்ப் பந்து. சாலைக்கு அப்பாலுள்ள வெளியில் கிரிக்கெட் ஆடிய சிறுவர் அனைவரும் ஓட, பன்னிரண்டு வயதுடைய ஒருவன் மட்டும் மட்டையோடு நின்றான்.

"அண்ணே, பந்து கண்ணாடியில் படவேயில்லை, சக்கரத்தண்டைதான் போயிற்று" என்றான்.

யான் நம்பவில்லை. பந்து கிடக்கிறது, கண்ணாடி உடைந்திருக்கிறது, மட்டையும் அவன் கையில் இருக்கிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? தெருவார் கேட்க அவனைப் பொய்யன் என்று இகழ்ந்தேன். கல்லூரியில் தருக்கம் பயின்றவன் என்னும் செருக்கு வேறு எனக்கு உண்டு. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை பற்றியே முன்னது காரணம், பின்னது காரியம் எனக் கொள்ளுதல் பிழை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் யான். தேர்வுத்தாளில் எழுதிய அறிவு தெருவில் எனக்கு உதவவில்லை.

அன்று மாலை அச்சிறுவனின் தாய் வந்தார். கருவாடு விற்பவர். அவருடைய கணவர் கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகில் வேலை செய்பவர். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மீன்கள் இனம் பெருகுதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்நாட்களில் படகுக் கூலியாளின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை நெய்தல் நிலத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்த அம்மையார் முந்தானை முடிச்சை அவிழ்த்து, "தம்பி, இப்போதைக்கு இதில் அறுநூறு ரூபாய் இருக்கிறது. தடை முடிந்து படகு போனதும் மீதியைச் சிறுகச் சிறுகக் கொடுத்துவிடுகிறோம். பையனை ஒன்றும் சொல்லாதே" என்றார். யான் அப்பணத்தை வாங்கிக்கொண்டேன். இவ்வொரு வாக்கியத்தை எழுதுதற்கு எனக்கு நெடுநேரமாயிற்று.

மாமாவிற்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. "காப்புறுதி இருக்கிறதே, மாப்பிள்ளை, விண்ணப்பம் எழுதிப் போடு" என்றார். நம் நாட்டு வண்டிக் காப்புறுதி முறையில், ரப்பர், பிளாஸ்டிக் முதலிய உறுப்புகளுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பர். கண்ணாடிக்கு அவ்வாறு கழிப்பதில்லை. 1,500 சி.சி.க்கு மேற்படாத வண்டியாயின் உரியவர் கட்டாயமாக ஏற்கவேண்டிய தொகை 1,000 ரூபாய். ஆயினும் ஒருமுறை இழப்பீடு பெற்றால், பெறாத ஆண்டுகளுக்காக அளிக்கும் தள்ளுபடி, அதற்கெனத் தனிக்காப்புச் செய்திராவிடின், கைவிட்டுப் போய்விடும். இவற்றையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பினேன். "சேதம் நேர்ந்த விதம்" என்ற இடத்தில், "சிறுவர் ஆடிய பந்து பட்டு உடைந்தது" என்று எழுதினேன்.

பின்னர், தொங்கிய கண்ணாடியின்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்து ஒட்டி, ஆவுடையார்கோயில், அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்கு வண்டியை மெல்ல ஓட்டிச் சென்றேன். அங்கே ஒரு பட்டறை. கண்ணாடியைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார்கள். மேஸ்திரியார் அறுபது வயதைக் கடந்த முதியவர். பிளாஸ்டிக் தாளை நீக்கி, நொறுங்கிய கண்ணாடியை நெடுநேரம் உற்று நோக்கினார்.

"எப்படி உடைந்தது, தம்பி?"

"பந்து பட்டது, ஐயா."

"என்ன பந்து?"

"ரப்பர்ப் பந்து."

அவர் நகைத்தார். "ரப்பர்ப் பந்துக்கு இது உடையாது" என்று கூறி, கண்ணாடியின் கீழ்மூலையைச் சுட்டிக் காட்டினார். கறுந்தாள் சில்லுகளைச் சிந்தவிடாமல் பற்றியிருந்தமையால், விரிசல்கள் ஓடிய வழி அப்படியே பதிந்திருந்தது. அவை யாவும் அம்மூலையிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் விரிந்து சென்றன. அவ்விடத்தில் உட்புறமாக ஒரு சிறு கொத்துக் காயம். "அடி வெளியிலிருந்து விழவில்லை, உள்ளேயிருந்து பட்டிருக்கிறது. கூர்மையான இரும்பு ஏதேனும் வண்டியில் வைத்தீர்களா?" என்று கேட்டார்.

அக்கணத்தில் அந்த "ணங்" என்னும் ஓசை மீண்டும் என் செவியில் கேட்டது. என் முகம் போன போக்கைக் கண்டு அவர் மேலே ஒன்றும் வினவவில்லை.

அடிபட்ட பொழுதே உடையாத கண்ணாடி, கால்மணி நேரம் கழித்து உடைந்தது எவ்வாறு? இதனைச் சிறிது விளக்குவது பொருந்தும். வண்டியின் முன்கண்ணாடி இரு தகடுகளுக்கிடையே மெல்லிய பிசின் ஏடு வைத்து ஒட்டியது, உடைந்தாலும் சிதறாது. 1903-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து பெனடிக்டஸ் என்பார், கீழே விழுந்தும் சிதறாத ஒரு குடுவையைக் கண்டு, அதன் உட்புறத்தில் செல்லுலோசுப் படலம் உலர்ந்து படிந்திருந்தமையே காரணம் என உணர்ந்து, இவ்வகைக் கண்ணாடிக்கு வழிகோலினார். பின்கண்ணாடியோ பெரும்பாலும் வேறு இனத்தது. அதனை 600 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி, உடனே காற்றை வீசிக் குளிர்விப்பர். மேற்பரப்பு முன்னதாக இறுகிவிடும். உட்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்க முயலும். அதனால் மேற்பரப்பு நெருக்குண்டும், உட்பகுதி இழுபட்டும் நிற்கும். இவ்விரு விசைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே அதன் வலிமை. நடுவில் ஓங்கித் தட்டினாலும் பொறுக்கும். விளிம்பில் ஒரு சிறு காயம் ஏற்பட்டு, அது நெருக்குண்ட அடுக்கைத் தாண்டி உள்ளே சென்றால் முழுதும் ஒருங்கே நொறுங்கிவிடும். காயம் ஆழமின்றி இருப்பின், வெயிலோ அதிர்வோ அதனை வளர்க்கும்வரை கண்ணாடி காத்திருப்பதும் உண்டு.

இவ்வியல்பை ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒரு விளையாட்டுப் பொருளில் கண்டனர். உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் விழவிட்டால் வாலுடைய ஒரு மணி உண்டாகும். அதன் தலையைச் சம்மட்டியால் அடித்தாலும் தாங்கும். வாலைக் கிள்ளினால் பொடியாகும். இளவரசர் ரூபர்ட் அதனை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குக் காட்டியமையால் ரூபர்ட் துளி என்று பெயர் பெற்றது. 1994-இல் சந்திரசேகர், சௌத்ரி என்னும் இருவர் அதிவேகப் படக்கருவியால் ஆராய்ந்து, விரிசல் அதனுள் வினாடிக்கு 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுவதைக் கண்டனர். பந்தைக் கண்டவுடன் யான் தீர்ப்புக் கூறிய வேகமும் அதற்குக் குறைந்ததன்று.

இனி, மேஸ்திரியார் கண்ணாடி பதித்த முறையைக் கூறுவேன். முதலில் துடைப்பானையும் உட்புறத்து மூடிகளையும் கழற்றி, பனிநீக்கும் கம்பிகளுக்கு மின்சாரம் ஊட்டும் இணைப்புகளை விடுவித்தார். சில்லுகளைத் துணியில் திரட்டி, இடுக்குகளில் கிடந்தவற்றை உறிஞ்சு பொறியால் வாங்கினார். ஒரு சில்லு கதவினுள் தங்கினும் ஆண்டு முழுதும் ஓசையிடுமாம். பின்னர்ப் பழைய பசையைக் கத்தியால் சீவினார். முழுதும் சுரண்டவில்லை, மெல்லிய அடுக்கொன்றை விட்டுவைத்தார். புதுப்பசை பழம்பசையை நன்கு பற்றும். இரும்பைச் சுரண்டினால் வண்ணம் போய்த் துருவேறும். கடற்கரை வண்டிக்குத் துரு பெரும்பகை என்றார். கீறல்பட்ட இடங்களில் முதற்பூச்சு இட்டார். புதுக்கண்ணாடியின் விளிம்பில் கறுப்பு வண்ணப் பட்டை ஒன்று சுட்டுப் பதிக்கப்பட்டிருந்தது. அது வெறும் அழகிற்கன்று. வெயிலின் புறஊதாக் கதிர்கள் பசையைக் கெடுக்காமல் காப்பதற்கு. அதன்மேல் யூரித்தேன் பசையை முக்கோண வடிவில் இடைவெளியின்றிப் பிழிந்து, உறிஞ்சு கிண்ணங்களால் கண்ணாடியை இருவராகத் தூக்கி, ஒரே முறையில் பொருத்தினர். நழுவாதிருக்க நாடா ஒட்டினர்.

"இப்பசை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி இறுகும். நாளை வரையில் வண்டியை எடுக்க வேண்டாம். பக்கக் கண்ணாடிகளைச் சிறிது இறக்கி வையுங்கள். இல்லையேல் கதவைச் சாத்தும்போது உள்ளே அடைபட்ட காற்று புதுக்கண்ணாடியைத் தள்ளும். இரண்டு நாள் வண்டியைக் கழுவ வேண்டாம். எப்பொழுதும் கதவை ஓங்கி அறைய வேண்டாம்" என்றார். கடைசிச் சொல்லைச் சற்று அழுத்தியே சொன்னார்.

கறுந்தாளை மீண்டும் ஒட்டுமாறு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் இசைந்திரார். முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் நூற்றுக்கு 70 பங்காவது ஒளி புகவிடல் வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. அதனையொட்டியே கறுந்தாளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. ஒட்டியிருக்கத் தகாத தாளே என் பிழையைக் காட்டிக் கொடுத்தது விந்தைதான்.

விண்ணப்பத்தை அன்றிரவே கிழித்தெறிந்தேன். கண்ணாடிக்கும் கூலிக்கும் எண்ணாயிரத்துக்கு மேல் ஆயிற்று. சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிச் சேர்த்த பணத்திலிருந்து கொடுத்தேன். மாமாவிடமும் உண்மையைக் கூறினேன்.

மறுநாள் திரும்பும் வழியில் ஆவுடையார்கோயிலில் சற்றுத் தங்கினேன். கல்லைக் கூரைவேலைபோல் மெலிதாக இழைத்த அக்கோயிற் கொடுங்கையை அன்பர் பலர் கண்டிருப்பர். இது கல்தானா என்று ஐயுற்ற ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்ததாகச் சொல்லி, ஒரு துளையைக் காட்டுவது வழக்கம். அவராவது ஐயுற்றுச் சுட்டார். யான் ஐயுறாமலே சுட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

மீமிசல் சேர்ந்ததும் அச்சிறுவனின் வீட்டிற்குச் சென்று, அறுநூறு ரூபாயைத் தாயின் கையில் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மையார் என்னைக் கடிந்திருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். அவரோ, "காசு போனால் வரும், தம்பி. இவன்தான் பத்து நாளாகச் சரியாய்ச் சோறு தின்னவில்லை. 'நான் உடைக்கவில்லை, அம்மா' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் நம்பவில்லை" என்று கூறிக் கண் கலங்கினார். யான் கெடுத்தது ஒரு சிறுவனின் பெயரை மட்டுமன்று, அவனைப் பெற்றவள் அவன்மேல் வைத்த நம்பிக்கையையுங்கூட என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

தெருவார் அறியப் பழித்தவன் தெருவார் அறியவே மன்னிப்புக் கேட்பதுதான் முறை. மாலையில் சிறுவர் கூடும் வெளிக்குச் சென்று, கண்ணாடியை உடைத்தவன் யானே என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அச்சிறுவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்படியானால் நாங்கள் இங்கே விளையாடலாமா, அண்ணே?" என்று கேட்டான். "விளையாடு" என்றேன். மட்டையை எடுக்க வீட்டிற்கு ஓடினான்.

அன்பர்காள்! இப்பொழுது அவ்வண்டியின் பின்கதவை இரு கைகளாலும் மெல்ல அழுத்திச் சாத்துகிறேன். கதவு சாத்துதலை மேஸ்திரியார் ஒரே நாளில் கற்பித்தார். ஒருவனைக் குற்றவாளி என்று சொல்லுமுன், என் கையையும் என் கடப்பாரையையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும் என்னும் பாடத்தை இன்னும் பயின்றுகொண்டிருக்கிறேன். அதில் யான் தேறினேனா என்பதைப் பிறர்தாம் சொல்லவேண்டும்.