உப்புப் பார்த்தவன்

எங்கள் வீட்டுக் கதவில் இன்னும் அந்தப் பசைத் தடம் இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாயிற்று, போன பொங்கலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தும் பார்த்தாயிற்று. சதுரமாகத் தடித்து நிற்கிறது. ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே’ என்று 2020 ஜூனில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்ட வந்தவன் என்னோடு படித்தவனின் தம்பிதான். நோட்டில் என் பேருக்கு நேரே ‘வெளிநாட்டுப் பயணி’ என்று எழுதிக்கொண்டான். செட்டியார்பட்டியில் பிறந்து, இந்தத் தெருப் புழுதியில் புரண்டவன் அன்றைக்குப் பயணியானேன்.

துபாயில், அல் ராஸ் பக்கம் எட்டுப் பேர் அறை எங்களுடையது. அடுக்குக் கட்டில் நான்கு. ஜன்னலைத் திறந்தால் மசாலாச் சந்தையிலிருந்து ஏலக்காயும் காய்ந்த எலுமிச்சையும் மணக்கும். எனக்கு மேல்கட்டில், கீழ்க்கட்டில் கடையநல்லூர் பாய்க்கு. அறுபதை நெருங்கியவர். என் ஊர் எது என்று கேட்டு, தளவாய்புரம் பக்கம் என்றதும், “நைட்டி தைக்கிற ஊருல்லா” என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘தளவாய்புரத்துக்காரன்’ இல்லை, ‘நைட்டிக்காரன்’.

மார்ச் 29க்கு அவர் டிக்கெட் போட்டிருந்தார். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போகிற டிக்கெட். முதலில், வளைகுடாவிலிருந்து இறங்குகிறவர்கள் 14 நாள் தனியாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. “இருந்துட்டுப் போறேன், முப்பது வருசம் தனியா இருந்தவனுக்கு இதென்ன” என்றார். மார்ச் 22 முதல் பயணிகள் விமானமே இந்தியாவில் இறங்கக் கூடாது என்றானது. நைலான் கயிறு போட்டு இறுக்கி, பேரும் ஊரும் போன் நம்பரும் மார்க்கரில் எழுதிய அவருடைய பை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் திரும்பக் கட்ட முடியாமல் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

மார்ச் 31ல் அல் ராஸை மூடினார்கள். மெட்ரோ அந்த ஸ்டேஷனில் நிற்காமல் போனது. ஏப்ரல் 4ல் துபாய் முழுக்க இரவும் பகலும் ஊரடங்கு. எட்டுப் பேரும் ஒரே காற்றை மாற்றி மாற்றி மூச்சிழுத்தோம். ஏப்ரல் 24ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், அன்றைக்குத்தான் ரம்சானும் பிறந்தது. பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன. நோன்பு திறக்கிற கூடாரங்களும் கிடையாது. பாய் அறையிலேயே நோன்புக் கஞ்சி காய்ச்சினார். வெந்தயமும் பூண்டும் பொட்டணத்தில் இருந்த கடைசிப் பாசிப்பருப்பும் போட்டு, சாயங்காலம் நான்கு மணிக்கு அடுப்பில் ஏற்றுவார். நோன்பு வைத்தவர் ருசி பார்க்கக் கூடாதே! அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி, என் உள்ளங்கையில் விடுவார். “உப்புப் பாருப்பா.” நான் பார்த்துச் சொல்வேன். அந்த மாதம் என் உத்தியோகம் அதுதான்.

அதே வாரம் போனில் ஒரு செய்தியைச் சத்தமாக வாசித்தார். அபுதாபியிலிருந்து டெல்லிக்குப் போன மூன்று உடல்களை இறக்க விடாமல் அதே விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகுதான் உள்துறை விளக்கம் கொடுத்து அனுமதித்தது. ஆனால் அந்த ராத்திரி அறையில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

மே முதல் வாரத்தில் ஒருநாள், நோன்பு திறந்து முதல் மடக்குக் குடித்ததும் என்னைப் பார்த்தார். “இன்னைக்கு உப்பே இல்லையேப்பா.” நான் பார்த்த உப்பு, சரியாகத்தான் இருந்தது. மறுநாள் ஒரு சிட்டிகை கூடப் போடச் சொன்னேன். “இன்னைக்கும் இல்ல.” அதற்கு மறுநாள் எனக்கே வாயில் வைக்க முடியாமல் உவர்த்தது. அவர் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, “நாக்கு செத்துப்போச்சு போல” என்று சிரித்தார்.

அன்று நடுராத்திரி காய்ச்சல், விடிவதற்குள் மூச்சு இழுத்தது, போன் போட்டு, ஆம்புலன்ஸ் வந்து, தலை முதல் கால்வரை வெள்ளையாக மூடிய இரண்டு பேர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி, படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் கை மட்டும் கம்பியைப் பிடித்து விடாமல் நிற்க, அதை விரல் விரலாகப் பிரித்து எடுத்து, “பையை மட்டும் ஊர் சேத்துருப்பா” என்று அவர் சொல்ல, கதவு மூடியது. ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. எங்களை வேறு கட்டடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அடக்கத்துக்கு அறையிலிருந்து ஒருத்தரும் போகவில்லை.

மே 7ல் ‘வந்தே பாரத்’ விமானங்கள் தொடங்கியிருந்தன. கர்ப்பிணிகள், வேலை போனவர்கள், விசா முடிந்தவர்கள் முதலில். எனக்கு ஜூன் முதல் வாரத்தில் சென்னைக்குச் சீட்டு கிடைத்தது. டிக்கெட் காசு நம்முடையது. ‘என் சொந்தப் பொறுப்பில் பயணம் செய்கிறேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்தும் நம்முடையது. எடை மேடையில் இரண்டு பையும் சேர்ந்து அளவைத் தாண்டியது. என் பையைத் திறந்து, மகளுக்கு வாங்கிய பால்மாவு டின்களை அங்கேயே ஓரமாக வைத்துவிட்டு வந்தேன்.

ஏழு நாள் அரசு ஏற்பாட்டில், ஏழு நாள் வீட்டில் என்பது அப்போதைய விதி. சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதியில் படுத்திருந்தபோது, ஜூன் 13ல், ருசியும் வாசனையும் போவதை நோய் அறிகுறிகளில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. உப்பு உப்பு என்று அந்த மனுசன் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உப்பு டப்பாவைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்தேன். அம்மா வாசலில் வேப்பிலை கட்டியிருந்தாள். திண்ணைக்கும் நடைக்கும் நடுவே என் மனைவி கோலமாவில் ஒரு கோடு இழுத்திருந்தாள். நாலு வயசு மகள் கோட்டுக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து, கட்டை விரலை மட்டும் மாவில் வைத்து எடுத்து, “தொட்டுட்டேன்” என்பாள். தெருவில் எல்லார் முகத்திலும் பூப்போட்ட துணி. நைட்டி வெட்டியதில் மிஞ்சிய துண்டில் வீட்டுக்கு வீடு மாஸ்க் தைத்திருந்தார்கள். பெரிய மீசை வைத்த சித்தப்பா ரோஜாப்பூ மாஸ்க்கோடு எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளீச்சிங் பவுடர் தெளித்த பாயின் பை மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்தது.

கடையநல்லூர் எங்களுக்கு ஒன்றரை மணி நேரத் தூரம். ஆனால் சிவகிரிக்கு முன்னால் மாவட்டம் மாறுகிறது. தென்காசி தனி மாவட்டமாகி அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை. இ-பாஸ் வேண்டும். கம்ப்யூட்டர் சென்டர்ப் பையன் கேட்டான்: “கல்யாணமா, மருத்துவமா, சாவாண்ணே?”

“சாவு.”

“இறந்தவரு உங்களுக்கு என்ன முறை?”

யோசித்தேன். கீழ்க்கட்டில் என்று சொல்ல முடியுமா? பெரியப்பா என்று போடச் சொன்னேன். அத்தாட்சி இல்லையென்று தள்ளுபடி ஆனது. மறுபடி போட்டோம், மறுபடியும் அதே பதில். நியாயம்தான். என் பேரையும் அவர் பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த அதிகாரி நம்புவார்!

ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லாருக்கும் பாஸ் என்று அரசு அறிவித்தது. மறுநாளே பையை பைக்கில் வைத்துக் கட்டினேன். சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் புளியங்குடி. மாஸ்க்கையும் மீறி அந்த வாசனை வந்ததும், வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு மணக்கிறது என்பதே அன்றைக்கு ஒருமாதிரி இருந்தது.

மகன் வாசலில் பையை வாங்கினான். மார்க்கரில் எழுதிய வாப்பா பேரைத் தடவிப் பார்த்தான். அவர் மனைவி இத்தாவில் இருந்தார். நாலு மாசம் பத்து நாள். அடுத்த ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாது. அறைக் கதவு பாதி சாத்தியிருக்க, திரைக்குப் பின்னால் வளையல் இல்லாத கை ஒன்று நிலைப்படியைப் பிடித்திருந்தது தெரிந்தது.

“தம்பி, உப்புப் பாக்கிற புள்ள நீங்கதானா?”

“ஆமாக்கா.”

“போன்ல சொல்லுவாக. நைட்டிக்காரன் நாக்கு தராசு மாதிரின்னு.”

மகன் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, முடியாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டான். திரை கொஞ்ச நேரம் அசையவில்லை.

“கடைசியா என்ன சாப்பிட்டாக?”

“கஞ்சி, அக்கா. அவரே காய்ச்சினது. கிண்ணத்த வழிச்சுக் குடிச்சாரு.”

“உப்பு சரியா இருந்துச்சா?”

“சரியா இருந்துச்சுக்கா” என்றேன்.