கல்லும் ஒப்பாரியும்

ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பிரயாணி, அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தைக் காணாது திரும்பலாகாது. 1879இல் காலமான ஜூலியா மார்கரெட் கமரன் எனும் ஆங்கில ஒளிப்படக் கலைஞரும், அடுத்த ஆண்டில் மறைந்த அவர் கணவரும் அங்கே துயில்கின்றனர். அதே காலத்தில் காடழித்துக் கோப்பியும், பின்னர் தேயிலையும் நட்ட தமிழ்த் தொழிலாளர் எங்கே துயில்கின்றனர் என்று வினவினால், எதிரேயுள்ள பசுஞ்சரிவைத்தான் காட்டவேண்டும். அங்கே கல்லுமில்லை, பெயருமில்லை.

ஆயினும் அவர்கள் அழுவாரற்றுப் போனவர்கள் அல்லர். லயத்தில் ஓருயிர் பிரிந்ததும் தப்பு முழங்கும். முன்னாளில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியதும் இந்தத் தப்பே. நீர்மாலை, பிறந்தவீட்டுக் கோடி, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம், பதினாறாம் நாட் கருமாதி யாவும் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து உடன்வந்த சடங்குகள். ஊரில் அவற்றுக்குக் கூடமும் திண்ணையும் இருந்தன. இங்கோ பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதில் அடங்காத துக்கம் முற்றத்துக்கு வருகிறது; வந்ததும் அது லயத்தார் அனைவரின் துக்கமாகிவிடுகிறது.

ஒப்பாரியை நாகரிகமற்றதென முகஞ்சுளிக்கும் கற்றோர் உளர். என் மாணவர்களிலும் உளர். தோளோடு தோள் சேர்ந்து பெண்கள் அழுவதைச் சற்றே செவிகொடுத்துக் கேட்டால் அவ்வாறு சொல்லத் தோன்றாது. இறந்தவள் எத்தோட்டத்தில் பிறந்தாள், எங்கே வாழ்க்கைப்பட்டாள், எத்தனை பெற்று எத்தனையை மண்ணுக்குக் கொடுத்தாள், யாருக்குச் சோறிட்டாள் என்பதெல்லாம் அதில் வரும். செக்ரோலில் நாட்பேராக மட்டும் பதியப்பட்டவளுக்கு வேறெவரும் எழுதாத சரித்திரம் அது. மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனும் நூலாகத் தந்தார்.

மாசி மாதத்துக் காமன் கூத்தையும் இங்கு நினைக்கவேண்டும். கம்பம் ஊன்றி, விரதமிருந்து, பல இரவுகள் ஆடுவர். சிவனார் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தபின், ரதி வேடந்தரித்த ஆடவர் புலம்பத் தொடங்குகிறார். பனியிலே கம்பளி போர்த்தி நிற்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றனர். அவர்கள் அழுவது ரதிக்காக மட்டுமா? மூன்றாம் நாள் மன்மதன் உயிர்ப்பிக்கப்படுகிறான். அவர்கள் வீட்டு மன்மதன் எழுவதில்லை. எனினும் ஆண்டுக்கொருமுறை ஊரார் நடுவில் நின்று அழ ஓரிரவு கிடைக்கிறது.

இப்பொழுது சில குடும்பத்தார் சீமெந்துக் கல்லறை கட்டிப் பெயரும் தேதியும் பொறிக்கின்றனர். மகிழத்தக்கதே. ஆனால் மண் இன்னும் அவர்களுடையதன்று. பெருந்தோட்டங்கள் பல 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் உள்ளன. புதைப்பதும் தோட்டம் ஒதுக்கிய மூலையிலேதான். மறுபுறம், ஒப்பாரி சொல்லத் தெரிந்த மூதாட்டியர் குறைந்து வருகின்றனர். விடுமுறைக்கு லயம் திரும்பும் மாணவ மாணவியர் அம்மாயியின் அருகில் அமர்ந்து கேட்டெழுத ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். சாவு வீட்டுக்கு வெளியே ஒப்பாரி சொல்லலாகாதென்று அவர் முதலில் மறுப்பார். அப்படியானால் பாட்டை விட்டு, இறந்தவரைப் பற்றிக் கேட்கலாம்.