செய்த வேலைக்குச் சான்று

திருச்சியை அடுத்த துவாக்குடி, திருவெறும்பூர் வட்டாரத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் நல்ல வெல்டருக்குப் பஞ்சமில்லை. 1960-களில் பெல் பாய்லர் ஆலை வந்ததிலிருந்து இந்த ஊர்களில் இரும்போடு வளர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகள் செய்த வேலையில் பெரும்பகுதி வேறு யாருடைய பெயரிலோ பில்லாகிப் போயிருக்கிறது. கம்பெனி ஒருவருக்கு ஆர்டர் தரும், அவர் இன்னொருவருக்குப் பிரித்துத் தருவார், அவர் மூன்றாமவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்வார், சனிக்கிழமை ரொக்கமாகக் கூலி வரும். இப்படிப் பாதி ஆயுளை உழைத்தவர் சொந்தமாக ஷெட் போட்டு, வங்கிக்கடன் வாங்கி, அரசு டெண்டர் ஒன்றைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கேட்கிறார்கள்: இதே போன்ற வேலையை முன்பு செய்திருக்கிறீர்களா, சான்றை இணையுங்கள்.

குறு, சிறு நிறுவனங்களை, அதிலும் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரையும் பெண்கள் நடத்தும் பட்டறைகளையும் அரசு டெண்டருக்குத் தயார்செய்வதுதான் என் தொழில். போர்ட்டலில் பதிவேற்றிக் கொடுக்கும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, கோப்புகளை ஏற்றிக் கொடுக்க ஊரெல்லாம் சென்டர்கள் இருக்கின்றன. பட்டறையில் உண்மையாகவே நடந்திருக்கும் வேலையை டெண்டர் ஏற்றுக்கொள்ளும் சான்றாக மாற்றுவதில்தான் என் நாளின் பெரும்பகுதி கழிகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் (எம்எஸ்எம்இ) மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2012-இல் பொதுக் கொள்முதல் கொள்கை வந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்றது. 2015 முதல் கட்டாயமானது. பின்னர் 25 சதவீதமாக உயர்ந்தது. அந்த 25-க்குள் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3. டெண்டர் படிவம் இலவசம், ஈஎம்டி என்ற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். 358 பொருட்களைச் சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர், ரூம் கூலர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

அந்த 4 சதவீதத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. தகுதியான எஸ்சி, எஸ்டி நிறுவனங்கள் டெண்டருக்கு வராவிட்டாலோ, வந்தும் நிபந்தனைகளை நிறைவு செய்யாவிட்டாலோ, அந்தப் பங்கை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று கொள்கையே சொல்கிறது. நடைமுறையில் நாட்டின் மொத்தக் கொள்முதலில் எஸ்சி, எஸ்டி நிறுவனங்களின் பங்கு இந்த 4-க்கு வெகு கீழேதான் நின்றுகொண்டிருக்கிறது. பட்டறை இல்லாததால் இப்படி நடக்கிறது என்று நான் நம்பவில்லை. 'நிபந்தனைகளை நிறைவு செய்யாவிட்டால்' என்ற வரியில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள்.

டெண்டர் ஆவணத்தைப் பட்டறைக்காரர்கள் எங்கிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். நேரே டிராயிங்குக்குப் போவார்கள். அது அவர்களுடைய மொழி. பார்த்த மாத்திரத்தில் கண் மின்னும், எந்த பிளேட்டை எங்கே வெட்டலாம் என்று மனசு ஓடத் தொடங்கிவிடும். நான் டிராயிங்கைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். முதலில் தகுதி நிபந்தனை. இரண்டாவது, பணம் எப்போது, எதைக் காட்டினால் வரும். மூன்றாவது, இன்ஸ்பெக்ஷன் யார் செலவு, வண்டி வாடகை யார் தலையில், இறக்குகூலி யாருடையது, தாமதமானால் எல்டி என்கிற தாமதக் கழிவு எவ்வளவு. வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் என்பது வழக்கமான எல்டி. லாபமே 8 சதவீதம் என்றால் அந்த ஒரு வரி மொத்தத்தையும் தின்றுவிடும். இவ்வளவும் படித்த பிறகு டிராயிங்கைத் திறந்தால் போதும்.

ஒரு அம்மாவோடு பைப் சப்போர்ட் டெண்டர் ஒன்றுக்கு விலை போட்டோம். கணவர் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தவர். அவர் காலமான பிறகு பட்டறையை இவர் எடுத்து நடத்துகிறார். இரும்பின் எடை விரல்நுனியில் நிற்கும். ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் 7.85 கிலோ, 10 மில்லிமீட்டருக்கு எழுபத்தெட்டரை. டிராயிங்கைப் பார்த்துக்கொண்டே டன் கணக்கைச் சொல்லிவிட்டார். பிளேட் கிலோ 60 ரூபாய் என்று வைத்து, அதன்மேல் கேஸ், ராட், கூலி, கரண்ட், பெயின்ட் என்று ஏற்றிக்கொண்டே வந்தார்.

"வேஸ்டேஜ் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அது பார்ட்டி குடுத்துருவாங்கல்ல சார்?"

அதுவரை அவர் செய்ததெல்லாம் ஜாப் ஒர்க். இரும்பைக் கம்பெனியே கொடுக்கும், இத்தனை சதவீதம் வெட்டுச் சேதாரம் என்று அதுவே கழித்துக்கொள்ளும். இந்த டெண்டரில் இரும்பு நம்முடையது. அளவீட்டுப் பிரிவில் ஒற்றை வாக்கியமாக எழுதியிருந்தது, டிராயிங்கில் உள்ள முடிந்த எடைக்கு மட்டுமே பணம் என்று. 8 சதவீதம் வெட்டில் போனால் ஒரு கிலோ உருப்படிக்கு 60 ரூபாய் இரும்பு ஆகாது, 65 ரூபாய்க்கு மேல் ஆகும். ஸ்கிராப் விற்றுக் கொஞ்சம் திரும்பும்தான். ஆனால் அது கைக்கு வரும்போது வரட்டும், விலையில் சேர்க்கக் கூடாது. அவர் பென்சிலை எடுத்துப் பழைய கணக்கின் மேல் ஒரு கோடு போட்டார். வெட்டும் திட்டத்தைத் தானே மாற்றி வரைந்து, சேதாரத்தை 6-க்குக் கொண்டுவந்தார். சட்டமும் ஷரத்தும் நான் சொல்லித் தரலாம். அந்த 2 சதவீதத்தை இரும்பிலிருந்து எடுக்க என்னால் ஆகாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேளை இதுதான்.

விலை போடும்போது எல்லாரையும் இரண்டு விலை எழுதச் சொல்வேன். ஒன்று, பிரைஸ் பிட்டில் போடும் விலை. இன்னொன்று, இதற்குக் கீழே போனால் வேலையே வேண்டாம் என்கிற விலை. இது ஏன் என்றால், கொள்கையில் எல்1 சலுகை ஒன்று இருக்கிறது. மிகக் குறைந்த விலை கொடுத்தவர் சிறு நிறுவனம் அல்லாதவராக இருந்து, நம் விலை அவருடையதைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அவர் விலைக்கு இறங்கச் சம்மதித்து டெண்டரில் 25 சதவீதம் வரை நாம் பெறலாம். அவர் 100, நாம் 112 என்றால் அழைப்பு வரும். அழைப்பு வந்த சந்தோஷத்தில் நூறுக்கு ஒப்புக்கொண்டு, அடக்கவிலை 104 என்று பிறகு தெரிந்து பட்டறையைப் பூட்டியவர்கள் உண்டு. இரண்டாவது விலை தாளில் எழுதியிருந்தால் பதில் சொல்வது சுலபம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் நாளிலும் நான் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன். ஆர்டர் எடுத்துத் தந்த எண்ணிக்கையை வைத்து என் வேலையை அளக்க எனக்கு விருப்பமில்லை.

இனி அந்த முதல் பக்கத்துக் கேள்வி. மதிப்பீட்டில் 40 சதவீத அளவுக்கு மூன்று வேலை, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று; இதுதான் பரவலாகப் போடும் அனுபவ நிபந்தனை. சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவத்தையும் டர்ன்ஓவரையும் தளர்த்தலாம் என்று 2016-இல் மத்திய அரசு சொல்லியிருக்கிறது, தரத்தில் சமரசம் இல்லை என்ற நிபந்தனையோடு. தளர்த்துவது டெண்டர் போடுபவர் கையில் இருக்கிறது. அதனால் ப்ரீ-பிட் மீட்டிங்குக்கு முன்பே எழுத்தில் கேட்கிறோம். அந்தக் கடிதம் கருணை மனுவாக இருக்கவே கூடாது. ஷரத்து எண், அதில் உள்ள வாசகம், தளர்வு ஆணை, நம் கேள்வி ஒன்றே ஒன்று. அரைப் பக்கம் போதும். 'ஏழைத் தொழில்முனைவோரின் வாழ்வாதாரம்' என்று ஒரு வரி சேர்ந்தால்கூட அதிகாரிக்குப் பதில் சொல்லும் கடமை போய், பரிதாபப்படும் சுதந்திரம் வந்துவிடுகிறது.

தளர்வை நம்பியே காலம் தள்ளவும் முடியாது. ஆகவே இன்று துணை ஒப்பந்தத்தில் இருப்பவர்களிடம் நச்சரிக்கிறேன்: பத்தாயிரம் ரூபாய் வேலையானாலும் பிஓ (கொள்முதல் ஆணை) கேளுங்கள், உங்கள் பெயரில் டிசி (டெலிவரி சலான்) போடுங்கள், ஜிஎஸ்டி பில் கொடுங்கள், முடித்ததும் சான்று வாங்குங்கள். வேலை கொடுப்பவர் முகம் சுளிப்பார். "பிஓ கேட்டா அடுத்த வேலை வராது சார்" என்று தம்பிகள் சொல்வது பொய்யில்லை. ஐந்து வேலையில் ஒன்றுக்காவது வாங்கிவிடு என்பேன். குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவும் ஒப்பந்தத்துக்கு முன்பே இருக்க வேண்டும். பணம் தகராறானபின் ஓடிப்போய்ப் பதிந்தால் சட்டப் பாதுகாப்பு கைகொடுக்காமல் போகலாம்.

பணத் தகராறு என்றதும் டெலிவரி சலானைச் சொல்லியாக வேண்டும். சரக்கு போன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சரக்கு போன நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அந்த நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இவ்வளவு வலுவான பிரிவுகளும் ஒரே தேதியைப் பிடித்துத் தொங்குகின்றன. கேட்டில் சலானில் சீல் குத்தித் தேதி போட்டு வாங்காமல் லாரி திரும்பிவிட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? டிரைவருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான். பணம் வராத பில்லுக்கும் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டியிருப்பதால் சிறு பட்டறைக்கு ஒவ்வொரு வாரமும் கனம்.

தாமதமான பணத்துக்காக எம்எஸ்எம்இ சட்டப்படி அமைந்த மன்றத்துக்குப் போகப் பெரும்பாலோர் அஞ்சுகிறார்கள், அடுத்த ஆர்டர் போய்விடும் என்று. அந்த அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. மன்றத்துக்கு முன் ஒரு கடிதம் எழுதுவோம்: பில் எண், சலான் தேதி, இன்றுவரை சேர்ந்த வட்டி. மிரட்டல் எதுவும் இருக்காது. கணக்குப் பிரிவில் அந்த வட்டித் தொகையை ஒருவர் கோப்பில் பார்த்துவிட்டாலே பல பில்கள் நகர்ந்துவிடுகின்றன.

பைப் சப்போர்ட் அம்மாவுக்கு அந்த டெண்டரில் பங்கு கிடைத்தது. சரக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது முடிப்புச் சான்றுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆர்டர் எண், மதிப்பு, எடை, முடித்த தேதி, வேலை திருப்தி என்ற வாசகம் ஐந்தும் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். முதலில் வந்த சான்றில் மதிப்பு விடுபட்டிருந்தது, திருப்பி அனுப்பியிருக்கிறோம்.