கால அட்டவணையில் இல்லாத பீரியட்

பையனுக்கு டவுன் சிண்ட்ரோம், இரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி. சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த ஆசிரியை ஒருவரையும் வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் மே மாதத்தில் பெற்றோருக்குக் கடிதம் வந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து அவன் முழு நேரமும் தனிப் பயிற்சிக்கான ரிசோர்ஸ் ரூமில்தான் இருப்பான். வகுப்பில் உட்கார வேண்டுமானால் பெற்றோர் தங்கள் செலவில், அவன் கூடவே இருக்கும் ஷேடோ டீச்சர் ஒருவரை வைத்துக்கொள்ளட்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் முன் பெற்றோர் சார்பில் மனுப் போட்டோம். அரசு நிதி வாங்காத பள்ளி என்ற பள்ளித் தரப்பு வாதம் அன்றே விழுந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். அடுத்த வாதம்தான் கனமானது. "ஒரு வருஷம் வகுப்பு ஆசிரியை, சிறப்பு ஆசிரியை இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் விட்டுப் பார்த்தோம். அவனும் படிக்கவில்லை, மற்ற பிள்ளைகளுக்கும் தொந்தரவு."

ஆவணங்களை வரவழைக்க ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. அந்த வருடத்துக் கால அட்டவணையையும் பாடக்குறிப்பேட்டையும் கேட்டு வாங்கினேன். வழக்கு அங்கேதான் திரும்பியது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாடம் திட்டமிட வாரத்தில் ஒரு பீரியட்கூட இல்லை. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்க்கப் போனவர் சிறப்பு ஆசிரியை. மற்ற நேரங்களில் கடைசி வரிசையில், பையன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாளைக்கு என்ன பாடம் என்று முன்கூட்டியே தெரியுமா என்று விசாரணையில் சிறப்பு ஆசிரியையிடம் கேட்டேன்.

"அவங்க போர்டுல எழுதும்போதுதான் சார் எனக்கும் தெரியும்."

மற்ற பிள்ளைகள் இனமாற்றுக் கூட்டல் போட்டபோது இவன் கலர் அடித்துக்கொண்டிருந்தது இதனால்தான். வகுப்பு ஆசிரியையும் மறைக்காமல் சொன்னார்: "அவன் மேடம் பொறுப்புன்னு இருந்துட்டேன்." நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் வேறுவிதமாக யாருமே சொல்லியிருக்கவில்லை.

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கும், அதற்கு மேல் பதினைந்து பேருக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற கணக்கை வைத்தது. அந்தக் கணக்கில் இந்தப் பள்ளி தேறிவிடும். ஆகவே நான் எண்ணிக்கையைப் பேசவில்லை. முழுமையாக உள்ளடக்குவதை நோக்கிய ஆதரவு என்று 16ஆவது பிரிவு கேட்கிறதே, அதைப் பேசினேன். அமெரிக்காவின் ஓபர்ட்டி வழக்கையும் வைத்தேன். நியூ ஜெர்சியின் கிளெமென்டன் ஊரில், இதே டவுன் சிண்ட்ரோம் உள்ள எட்டு வயதுச் சிறுவன் தொடர்பானது. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பையனின் நடத்தையைக் காட்டி அவனை வெளியேற்றுவதற்கு முன், வகுப்புக்குள் வேண்டிய உதவியைப் பள்ளி உண்மையிலேயே கொடுத்துப் பார்த்ததா என்று அது கேட்டது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பள்ளித் தரப்பிடம் பதில் இல்லை.

ஆணையர் பரிந்துரைத்தது இது: ஷேடோ டீச்சர் நிபந்தனை ரத்து, வாரம் இரண்டு பீரியட் கூட்டுத் திட்டமிடல், பாடக்குறிப்பேட்டில் இருவர் கையெழுத்து, ரிசோர்ஸ் ரூம் குறிப்பிட்ட பயிற்சிக்கு மட்டும். பரிந்துரைதானே என்று பலர் இதை லேசாக நினைக்கிறார்கள். எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 81ஆவது பிரிவு சொல்கிறது. அறிக்கை வந்தது. அதோடு இணைத்திருந்த பாடக்குறிப்பின் நகலைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ் குச்சிகளை வைத்து இனமாற்றுக் கூட்டலைச் சிறப்பு ஆசிரியை ஆறு பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தார். அந்த ஆறு பேரில் ஐந்து பேருக்கு எந்த மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் கிடையாது. கணக்கில் பின்தங்கியவர்கள், அவ்வளவுதான்.

அதே ஆவணக் கட்டில் சம்பளப் பட்டியலும் இருந்தது. சிறப்பு ஆசிரியையின் சம்பளம் வகுப்பு ஆசிரியையின் சம்பளத்தைவிடக் குறைவு. மனுவில் அந்தக் கோரிக்கை இல்லாததால் ஆணையர் அதைத் தொடவில்லை. பெற்றோர் போட்ட மனுவில் அதைக் கேட்கவும் வழியில்லை. சிறப்பு ஆசிரியையே வந்து கேட்டால்தான் உண்டு. அவர் இன்னும் வரவில்லை.