மணம்

கணவர் இறந்த நாலாவது வருஷம் நான் செண்ட் போட ஆரம்பித்தேன். பாரீசில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போனது. நட்சத்திர வடிவக் குப்பி, உள்ளே நீலத் திரவம், 'ஏஞ்சல்' என்று பெயர். தொலைபேசியில் சொன்னேன். "நீயே போட்டுக்கோம்மா" என்றாள். பேச்சுக்குச் சொன்னதுதான். நான் போட்டுக்கொண்டேன்.

முதலில் சீனிப்பாகு, பதம் தாண்டி அடிப்பிடிக்கப் போகும் தறுவாயில் வருகிற வாசனை. பிறகு ஏதோ ஒரு பழம், கனிந்து ஒரு நாள் அதிகமாகிவிட்ட பழம். அரைமணி கழிந்தால் இவற்றுக்கு அடியிலிருந்து ஈரமண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்தாற்போல் ஒரு கசப்பு.

1992இல் தியரி முக்லேர் நிறுவனத்துக்காக ஒலிவியே க்ரெஸ்ப் சேர்த்த கலவை இது. தின்பண்டங்களில் சேர்க்கிற எத்தில் மால்டாலைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார். பஞ்சுமிட்டாயின் வாசனை கொண்ட அந்தப் பொருள் எந்தப் பூவிலும் கனியிலும் இல்லை, பரிசோதனைச்சாலையில் பிறந்தது. தின்பண்டத்தைப் போல் மணக்கும் செண்டுகள் ஒரு தனி இனமாகப் பெருகியது இதற்குப் பிறகுதான். அடியில் கிடக்கும் கசப்பு பச்சௌலி என்ற இலையின் எண்ணெய். ஆங்கில அகராதிகள் அந்தச் சொல்லுக்குத் தமிழையே மூலமாகக் காட்டுகின்றன. அந்துப்பூச்சி அண்டாமலிருக்க இந்த இலையை இடையில் வைத்து அனுப்பிய இந்தியச் சால்வைகள் மூலமாக 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களுக்கு இது பழக்கமாயிற்று. இந்தக் கசப்பு இல்லாவிட்டால் அந்த இனிப்பைப் பத்து நிமிஷம் சகிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

மணம் என்பதற்கு நம்மிடம் இரண்டு பொருள். ஒன்று போனால் மற்றதும் போய்விட வேண்டும் என்று முன்னோர் தீர்மானித்திருந்தார்கள். என்னை யாரும் தடுத்ததில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தினமும் வாசலில் கூடையை இறக்கிவைக்கிற பூக்காரி மட்டும், பதினாறாம் நாளுக்குப் பிறகு, நிற்காமல் போனாள். அவளுக்கு இருந்த தெளிவு எனக்கு இருக்கவில்லை.

விலக்க வேண்டியவற்றில் பூவும் மஞ்சளும் சந்தனமும் உண்டு. எத்தில் மால்டால் இல்லை. மல்லிகை வைத்துக்கொள்ளத் தைரியமில்லாமல் பாகுக்குள் ஒளிந்துகொள்கிறாய், இது கோழைத்தனம் என்றாள் ஒரு சிநேகிதி. இருக்கலாம். ஆனால் மல்லிகையை எடுத்தால் முப்பது வருஷமும் சேர்ந்து வரும்; அவர் வாங்கி வந்த நாட்கள், வாங்காமல் வந்த நாட்கள். இந்த வாசனை அவருக்குத் தெரியாது. இதில் எனக்கு ஒரு ஞாபகமும் கிடையாது. வேண்டியிருப்பதற்குக் காரணம் அதுதான் என்று தோன்றுகிறது. மூக்கு என்றாலே பால்யத்துக்குப் போய்விடுகிற நம் கவிஞர்கள் இதை ஒப்ப மாட்டார்கள்.

சென்ற மாதம் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். ஜன்னல் அடைத்த குளிர்சாதன அறை. "யாரு இந்த நேரத்துல பாகு காய்ச்சறது?" என்று என் நாத்தனார் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் பேசாமலிருந்தேன். யார் வீட்டுக் குழந்தையோ, ஆறு வயதிருக்கும், நேராக என்னிடம் வந்து நின்றது.

"பாட்டி, என்ன மிட்டாய் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"இருக்கு. வாசனை வருது."

பையைத் திறந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடிக் கூடு, பஸ் டிக்கெட், சர்க்கரைக்கு நான் சாப்பிடும் மாத்திரை அட்டை. குழந்தை உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்தது. பிறகு என் கையைப் பிடித்து மணிக்கட்டை முகர்ந்தது.

"இங்கதான். நக்கிப் பார்க்கட்டுமா?"

கூடாது, கசக்கும் என்றேன். நம்பாமல் நின்றது.